உப்பைப் பற்றிப் பேசுமுன் உப்பளத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பிரிவு) குருவானவராக இருக்கிறேன். வயது 33. குருப்பட்டம் பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறு பிரசங்கத்துக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து தயாரிக்கிறேன். ஆனால் பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் வாலிபர்களின் தலை செல்போன் பக்கம் குனிந்துவிடுகிறது. பெரியவர் ஒருவர், "பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு ஐயா, ஆனா காலேஜ்ல கிளாஸ் கேட்ட மாதிரி இருக்கு" என்றார். ஒரு அம்மா, தான் யூடியூபில் கேட்கும் பிரசங்கியாரைப் போல வாக்குத்தத்தமாக, அதாவது கடவுளின் வாக்குறுதிகளாகவே, பேசச் சொல்கிறார். வாலிபர் சங்கச் செயலாளர், புரொஜெக்டர் போட்டுப் பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார். இன்றைய தலைமுறைக்கு எப்படித்தான் பிரசங்கிப்பது? அடுத்த மாதம் மலைப்பிரசங்கத்திலிருந்து ஒரு தொடர் செய்ய நினைக்கிறேன். மத்தேயு 5:13-ல் தொடங்குகிறேன். என் பிரசங்கம் ஒன்றின் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய பிரசங்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணால். நல்ல உழைப்பு. எந்த இடத்திலும் உங்கள் வசதிக்காக வசனத்தை வளைக்கவில்லை. அதற்காகவே உங்கள் மேல் மரியாதை வந்தது. இரண்டாவது தடவை எழுந்து நின்று, சபைக்குப் பேசுவதுபோல வாய்விட்டு வாசித்தேன். இரண்டாம் பக்கத்துக்குள் மூச்சு வாங்கிவிட்டது. பீடத்திலும் இறையியல் மாணவர்களின் வகுப்பிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலையாக இருந்தவனுக்கே அப்படி என்றால், கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்?

உங்கள் பிரதியிலிருந்து ஒரு வாக்கியம்: "பாவத்தினிமித்தம் தேவனோடிருந்த ஐக்கியத்தை இழந்துபோன மனுக்குலத்தைத் தம்மோடு மறுபடியும் ஒப்புரவாக்கும்படி தமது ஒரேபேறான குமாரனை இவ்வுலகத்துக்கு அனுப்பின பிதாவின் அநாதி தீர்மானத்தை இப்பகுதி நமக்குத் தெளிவாக எடுத்துரைக்கிறது." இதில் ஒரு தப்பும் இல்லை. பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் இது கண்ணுக்கு எழுதியது. கண் வழி தவறினால் வாக்கியத்தின் தலைக்குத் திரும்பிப் போகலாம். காது திரும்பிப் போக முடியாது. கேட்கிறவர் 'மனுக்குலத்தை' என்ற இடத்தில் நின்றுகொண்டு, அந்த மனுக்குலத்தை யார் என்ன செய்தார் என்று கடைசிச் சொல் வரை காத்திருக்கிறார். அது வருவதற்குள் அவருக்கு அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு நினைவுக்கு வந்துவிடும். இதையே ஆஸ்பத்திரியில் ஒருவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்? "கடவுள் நம்மை விட்டுட்டுப் போகலங்க. நாமதான் போனோம். அவர் தேடிக்கிட்டு வந்தார்." அவ்வளவுதான். உங்கள் இறையியல் முழுவதும் இதில் இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றைய தலைமுறைக்கு எப்படிப் பிரசங்கிப்பது என்று கேட்கிறீர்கள். ஒன்பது பக்கப் பிரதியில் இன்றைய தலைமுறையைச் சேர்ந்த ஒரு ஆள்கூட இல்லை. கிரேக்கச் சொற்கள் மூன்று இருக்கின்றன, ஜெர்மானிய இறையியலாளர்கள் இருவர் இருக்கிறார்கள், லண்டனில் ரயிலைத் தவறவிட்ட ஒரு வியாபாரி இருக்கிறார். உங்கள் சேகரத்து ஆள் ஒருவரும் இல்லை. அளத்து வேலைக்காரர் இல்லை, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர் இல்லை, நர்சிங் முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போகத் தேர்வு எழுதிக் காத்திருக்கும் பெண் இல்லை, வாங்கிய நகைக்கடனுக்கு வட்டி கட்டுகிறவர் இல்லை. தலைமுறை மாறியதால் கேட்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. தங்களை நினைத்துத் தயாரிக்காத பேச்சை எந்தத் தலைமுறையும் இப்படித்தான் கேட்டது. முந்தின தலைமுறை கையில் செல்போன் இல்லாததால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது.

'கவனம் குறைந்துவிட்டது' என்று கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன் சொல்கிறோம். நம்முடைய ஆட்களுக்கு அது பொருந்தாது. பட்டிமன்றத்துக்கு இரண்டரை மணி நேரம் உட்காருகிறார்கள். கொடை நாட்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட ஊர்கள் உங்கள் பக்கத்து ஊர்கள்தான். வாய்ச்சொல்லைக் காதால் ருசிக்கத் தெரிந்த ஜனம் இது. முதல் இரண்டு நிமிடத்துக்குள் 'இது என்னைப் பற்றியது' என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். உங்கள் முதல் இரண்டு நிமிடம், மத்தேயு எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதில் போய்விடுகிறது.

செல்போன் விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். ஒரு ஞாயிறு யோவான் 14:15-லிருந்து பேசிக்கொண்டிருந்தேன்: "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." மூன்றாவது வரிசையில் ஒரு பெண்பிள்ளை, பத்தாம் வகுப்பு படிக்கிறவள், செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீடத்திலிருந்தே கண்டித்தேன். அவள் முகம் சிறுத்துப்போனது. ஆராதனை முடிந்ததும் அவளுடைய அம்மா அவளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். செல்போன் திரையைக் காட்டினாள். 'கற்பனை' என்ற சொல்லுக்கு அர்த்தம் தேடியிருக்கிறாள். "ஐயா, கற்பனைன்னா மனசுல நினைச்சுக்கிறதுதானே? இயேசுவோட கற்பனையை நாம எப்படிக் கைக்கொள்றது?" என்று கேட்டாள். அன்று அந்தக் கோவிலில் என் பிரசங்கத்தை எல்லாரையும்விடக் கவனமாகக் கேட்டவள் அவள்தான். அவளைத்தான் நான் சபை முன்னால் அவமானப்படுத்தினேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தும் கேட்டேன். அதற்குப் பிறகு யாரையும் பெயர் சொல்லியோ சாடையாகவோ பீடத்திலிருந்து கண்டித்ததில்லை.

ஐத்திகுவின் கதையை நாம் தூங்குகிறவர்களைக் கேலி செய்யப் பயன்படுத்துகிறோம். அப்போஸ்தலர் 20-ஐ ஒரு தடவை மெதுவாக வாசியுங்கள். அது வாரத்தின் முதல் நாள். அந்தக் காலத்தில் அது விடுமுறை இல்லை. அந்த வாலிபன் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்திருப்பான். மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிகின்றன. பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசுகிறார். அவன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். லூக்கா அவனைக் குறை சொல்லவில்லை. பவுல் பேச்சை நிறுத்திவிட்டு, இறங்கிப்போய், அவன்மேல் விழுந்து அணைத்துக்கொள்கிறார். உங்கள் வாலிபர்களில் இரண்டு பேரை இந்த வாரம் டீக்கடையில் பிடியுங்கள். எந்த இடத்தில் விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். வருத்தப்படாமல், பதில் சொல்லாமல், கேட்டுக்கொண்டு மட்டும் வாருங்கள்.

அந்தக் 'கற்பனை' என்னைச் சும்மா விடவில்லை. நம் கையிலிருக்கும் வேதாகமம் 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் என்ற மிஷனரி ஐயரும் அவரோடு இருந்தவர்களும் அன்றைய தமிழில் அரும்பாடுபட்டுச் செய்தது. அதன் ஓசை நம் ஜனத்தின் எலும்பில் ஊறியிருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு 23-ஆம் சங்கீதத்தை வேறு எந்தத் தமிழில் வாசித்தாலும் அது அவருக்குச் சங்கீதமாக இருக்காது. ஆனால் 150 வருடத்தில் சொற்கள் இடம் பெயர்ந்துவிட்டன. அன்றைக்குக் கட்டளை என்று அர்த்தப்பட்ட கற்பனை இன்றைக்கு வேறு. 1995-ல் வந்த திருவிவிலியம் கட்டளை என்றே போட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் மத்தேயு 28:19-ல்: "சகல ஜாதிகளையும் சீஷராக்கி." அங்கே ஜாதி என்றால் இனத்தார், நாட்டு மக்கள். இன்று ஞானஸ்நான ஆராதனைக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டு இந்து நண்பர் அதை எப்படிக் கேட்பார்? உங்கள் சபையின் பிள்ளைகளே எப்படிக் கேட்பார்கள்? விளக்காமல் தாண்டிப் போகக்கூடாது.

இதற்கு நெகேமியா 8:8-ஐவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்." முதலில் வேதாகமத்தின் தமிழிலேயே நிறுத்தி வாசியுங்கள். பிறகு அதையே ஒரு தடவை வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். பிறகு உங்கள் பேச்சு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போவின் ஆயராக இருந்த அகுஸ்தீன் லத்தீனில் பேச்சுக்கலை கற்பித்துப் பேரெடுத்தவர். எலும்புக்கும் வாய்க்கும் லத்தீனில் ஏறக்குறைய ஒரே ஓசை. குறில் நெடில் வித்தியாசம்தான். அவருடைய ஆப்பிரிக்கச் சபையாரின் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டாது. ஆகவே எலும்புக்குப் படித்தவர்கள் முகம் சுளிக்கும் 'ஒஸ்ஸும்' என்ற கொச்சை வடிவத்தை வேண்டுமென்றே சொன்னார். இலக்கணக்காரர் குறை சொன்னாலும் பரவாயில்லை, ஜனத்துக்குப் புரியாமல் போகக்கூடாது என்பது அவர் எண்ணம். நம் பக்கத்தில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நாம் அழைத்தவர், ஜெபத்தில் கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். தாயும் தகப்பனும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். வயல்காட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு அந்த ஜெபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு வாலிபர்களுக்காகக் கல்லூரி வாசல் பேச்சைப் பீடத்தில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். 'செம', 'மாஸ்' என்றெல்லாம் ஐயர் பேசினால் வாலிபர்கள்தான் முதலில் கூசுவார்கள். ஒரு வீட்டுக்குச் சந்திப்புக்குப் போனால் பாயில் உட்கார்ந்து பெரியவர்களிடம் எந்தத் தமிழில் பேசுவீர்களோ, மரியாதையும் நெருக்கமும் சேர்ந்த அந்தத் தமிழ் போதும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பீடத்தில் ஏறியதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறீர்கள், அதுதான் விஷயம்.

சரி, உப்புக்கு வருகிறேன்.

"நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்." இந்த வசனத்துக்கு நம்மிடம் ஒரு ஆயத்தப் பிரசங்கம் உண்டு: உப்பு சுவை தரும், உப்பு கெடாமல் காக்கும், உப்பு கரைந்துபோகும். நானும் அதைப் பல தடவை பேசியிருக்கிறேன். ஒரு முறை உங்கள் பக்கத்துச் சபை ஒன்றில், பாதிப்பேர் அளத்து வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயும் இதையே பேசினேன். மதியச் சாப்பாட்டின்போது ஒரு அம்மா பரிமாறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஐயா, உப்பு உங்களுக்கு ருசி. எங்களுக்குக் காலு." எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விடியுமுன்னே அவருடைய மகனோடு அளத்துக்குப் போனேன். வரப்பில் நடக்கும்போதே செருப்பு வழுக்கியது. பாத்தியில் ஆண்களும் பெண்களும் மரப்பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பாத்தியிலிருந்து ஏறி வந்து காலைக் காட்டினார். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. வெயில் ஏறினதும் வெள்ளைப் பரப்பிலிருந்து வெளிச்சம் திருப்பி அடித்தது. பத்து நிமிடத்தில் எனக்குக் கண் கூசி நீர் வடிந்தது. அவர்கள் அதில் வருடக்கணக்காக நிற்கிறார்கள். மழை மாதங்களில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

"உப்பானது சாரமற்றுப்போனால்" என்ற இடத்தைக் கேட்டேன். உப்பு எப்படியம்மா உப்புத்தன்மை இழக்கும்? விளக்கவுரைகளில் இதற்குப் பக்கம் பக்கமாக வாதம் உண்டு. அவர் யோசிக்கவேயில்லை. அம்பாரமாகக் குவித்து வைத்த உப்பின்மேல் மழை பெய்துவிட்டால் உப்பு கரைந்து ஓடிவிடும், மண்ணும் கசடும்தான் மிஞ்சும், பார்க்க உப்பு மாதிரியே வெள்ளையாக இருக்கும், வாயில் வைத்தால் ஒன்றும் இருக்காது என்றார். "அதை என்ன செய்வீங்க?" "வரப்புல கொட்டுவோம். நடக்கிறதுக்கு ஆகும்." மத்தேயு 5:13-ன் கடைசி வரி அப்படியே வந்து விழுந்தது: வெளியே கொட்டப்படுவதற்கும், மனுஷரால் மிதிக்கப்படுவதற்குமே ஒழிய வேறொன்றுக்கும் உதவாது. அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். பருவம் தொடங்குமுன் பாத்தியின் களிமண்ணை நாள் கணக்கில் மிதித்து இறுக்க வேண்டும். மிதித்தால்தான் உப்பு மண் கலக்காமல் வெள்ளையாக வரும். "நாங்க மிதிபட்டுத்தான்யா உப்பு வருது."

அந்த வரியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்து மறுபடி வேதத்தைத் திறந்தேன். இயேசு இதை யாரிடம் சொன்னார்? கலிலேயாக் கடற்கரைக்காரர்களிடம். மக்தலா ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் தரிகேயா என்ற கிரேக்கப் பெயருக்கே மீன் உப்பிடும் இடம் என்றுதான் பொருள். அவர்களுக்கும் உப்பு சாப்பாட்டு மேசைச் சமாச்சாரம் இல்லை. கை வெடிக்கும் வேலை, கருவாட்டு நாற்றம், வரி. அவர்களைப் பார்த்து 'உப்பாகுங்கள்' என்று இயேசு சொல்லவில்லை, 'உப்பாயிருக்கிறீர்கள்' என்றார். உலகத்துக்குத் தேவையான ஒன்று உங்களிடம்தான் இருக்கிறது என்று மிதிபடுகிறவர்களிடமே சொன்னார். முப்பது வருடம் அந்த வசனத்தைப் பிரசங்கித்தும் எனக்கு அது தெரியவில்லை. அந்த அம்மாவின் குதிகால்தான் காட்டியது.

இதனால் விளக்கவுரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கிரேக்கமும் எபிரேயமும் படித்தது வீண் இல்லை. தரிகேயாவைப் பற்றி அளத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அதெல்லாம் அடுப்படி வேலை. சோறு வடித்த பானையை இலையில் கொண்டுவந்து வைக்கமாட்டோம் இல்லையா? வரிசையை மட்டும் மாற்றுங்கள். திங்கள்கிழமை காலையில் வசனத்தை வாய்விட்டு நாலைந்து தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். செவ்வாயும் புதனும் அந்த வசனத்தை மனதில் வைத்துக்கொண்டே வீடு சந்திக்கப் போங்கள். வியாழக்கிழமை விளக்கவுரையைத் திறங்கள். அப்போது உங்கள் கேள்விகளே வேறாக இருக்கும்.

எழுதத் தொடங்குமுன் ஒரே வாக்கியம். இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவரிடம், கோவிலுக்கு வர முடியாத அவர் அம்மா, "ஐயர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் அவர் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். அது வராதவரை எழுத உட்காராதீர்கள். உங்கள் பிரதியில் அப்படி நான்கு இருக்கின்றன. நான்கு ஞாயிறுக்குப் போதும். இங்கே நம் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மோனை வைத்து மூன்று தலைப்பு: அழைக்கிற தேவன், அணைக்கிற தேவன், அனுப்புகிற தேவன். ஞாபகத்தில் நிற்கும், உண்மைதான், தமிழ்க் காதுக்கு மோனை தேன். ஆனால் வேத பகுதியில் அணைப்பு இல்லாவிட்டாலும் 'அ'வுக்காக அதை உள்ளே நுழைத்துவிடுகிறோம். உங்கள் பிரதியின் மூன்றாவது தலைப்பு அப்படி வந்ததுதான் என்று உங்களுக்கே தெரியும். தானாக அமைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தேடிப் போகாதீர்கள்.

வாக்குத்தத்தமாகப் பேசச் சொன்ன அம்மாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் லேசான எரிச்சல் தெரிந்தது. அவர் கேட்பது தப்பில்லை தம்பி. வாரம் முழுக்கப் பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தை கேட்கிறார். உங்கள் ஒன்பது பக்கத்தில் அது கிடைக்காததால் யூடியூபில் தேடுகிறார். அவர் கேட்பதைக் கொடுங்கள். ஆனால் வேதம் கொடுப்பது முழுவதையும் கொடுங்கள்.

2005 ஜனவரி 2 ஒரு ஞாயிறு. சுனாமி வந்து ஏழு நாள். அதுவும் ஒரு ஞாயிறுதான், கிறிஸ்மஸுக்கு மறுநாள். கடலோரச் சபை ஒன்றில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். புது வருடத்துக்கு வழக்கம்போல வாக்குத்தத்த வசனம் அச்சடித்த அட்டைகள் ஒரு தட்டில் இருந்தன. யாரும் எடுக்கவில்லை. முன்வரிசையில் பேரப்பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். ஆயத்தம் செய்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டு 13-ஆம் சங்கீதத்தை வாசித்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதையே வீட்டுத் தமிழில் மறுபடி சொன்னேன். கடவுளைப் பார்த்து இப்படிக் கேட்கலாம் என்று கடவுளே நம் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஆறேழு நிமிடம்தான் இருக்கும், உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, இப்படியும் வேதத்துல இருக்கா? இத்தனை நாளா ஏன்யா யாரும் சொல்லல?" அறுபது வருடமாகக் கோவிலுக்கு வந்தவர். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாக்குத்தத்தத்தோடு புலம்பலையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

காலத்துக்கு ஏற்றபடி பேசுவது என்றால் எனக்கு இதுதான். இந்த வாரம் ஜனத்துக்கு என்ன பயம் என்று தெரிந்து, அதை வசனத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது. 387-ஆம் ஆண்டு அந்தியோகியாவில் புது வரியை எதிர்த்துக் கலவரம் நடந்தது; பேரரசர் தியோதோசியுவின் சிலைகளை இழுத்துப் போட்டு உடைத்தார்கள். ஊரையே வெட்டிப் போடுவார்கள் என்று நகரம் நடுங்கியது. ஆயர் பிளேவியன் மன்னிப்புக் கேட்கக் கான்ஸ்தாந்திநோபிளுக்குப் போனார். ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து நாட்களில் பீடத்தில் நின்றவர், பிரசங்கத்துக்குப் பேர்போன கிறிசோஸ்தோம். அப்போது அவர் இளம் குருவானவர்தான், குருப்பட்டம் பெற்று ஓராண்டு. பயந்தவர்களைத் தேற்றினார். கூடவே, எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்யும் ஊர்ப்பழக்கத்தை விடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். தேற்றவும் செய்தார், திருத்தவும் செய்தார், அதே வாயால், அதே வாரத்தில்.

திருத்துவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஜாதி என்ற சொல் வந்துவிட்டதால் சொல்கிறேன். சில ஊர்களில் நம் கல்லறைத் தோட்டத்தைக்கூட சாதி பிரித்து வைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசாத பிரசங்கம் இன்றைய பிரசங்கம் ஆகாது. நம் வாலிபர்கள் நம்மை நம்பாததற்கு அதுவும் காரணம். அதே நேரம், பீடத்தில் நின்று குத்திப் பேசுவது வேறு. சேகரக் கமிட்டியில் நடந்த சண்டைக்கு ஞாயிறு காலையில் பதில் சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருப்பிப் பேச முடியாத இடத்தில் ஒருவரை உட்கார வைத்து அடிப்பது அது. தாவீது ராஜா பிறன் மனைவியை எடுத்துக்கொண்டபோது நாத்தான் தீர்க்கதரிசி என்ன செய்தார் பாருங்கள். தாவீதின் வீட்டுக்கே போனார். ஒரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார்: ஏழையின் வாயிலிருந்த அப்பத்தைத் தின்று, அவன் மடியிலே படுத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு குட்டி. அதைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கிக்கொண்டான். தாவீதே கொதித்துத் தீர்ப்புச் சொன்னான். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றார். தனி ஆளின் பாவத்துக்கு அவர் வீட்டுக்குப் போங்கள். ஊரே சேர்ந்து செய்கிற பாவத்துக்குப் பீடத்தில் ஏறுங்கள், அப்போது 'நீங்கள்' என்று சொல்லாமல் 'நாம்' என்று சொல்லுங்கள். எதிர்ப்பு வரும். வந்தால் எனக்கு எழுதுங்கள். தனியாக நிற்க வேண்டாம்.

புரொஜெக்டர்: பாமாலை வரிகளுக்கும் வரைபடத்துக்கும் போடுங்கள். பிரசங்கத் தலைப்புகளைப் போடாதீர்கள். நீங்கள் முதல் தலைப்பில் இருக்கும்போது அவர்கள் மூன்றாவதை வாசித்து முடித்திருப்பார்கள். நேரம்: பத்து நிமிடம் உங்களுக்குப் போதாது, நாற்பது நிமிடம் அவர்களுக்கு ஆகாது. பதினெட்டிலிருந்து இருபதுக்குள் நிறுத்துங்கள், முடிக்கும் வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "கடைசியாக ஒன்று" என்று சொன்னால் அது கடைசியாக இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் மனைவியிடமோ உபதேசியாரிடமோ பிரசங்கத்தைத் தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். தடுமாறும் இடம் இன்னும் உங்களுக்கே புரியாத இடம்.

மலைப்பிரசங்கத் தொடரை உப்பில் தொடங்குவது நல்ல முடிவு. அளத்துக்குப் போகும்போது பத்து மணிக்குப் போகாதீர்கள். விடியுமுன் வேலை தொடங்கிவிடும், ஐந்தரைக்கே அங்கே இருங்கள். அங்கி வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் ஒரு குடம் நிறையக் கொண்டுபோங்கள், அங்கே எல்லாருக்கும் அது வேண்டியிருக்கும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் கேட்காமல், அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் உப்பு வாருங்கள்.